டியூப்பின் மறுமுனை

கூடலூர் மலையில் ஓவேலிப் பக்கம் ஆடி மாதத்தில் வெயிலைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அங்கே ஆடியில் மழை பெய்யும். மழை விட்டால் மூடுபனி இறங்கும். மூடுபனி விலகிவிட்டது என்று குடையை மடக்கினால் மறுபடியும் மழை பிடித்துக்கொள்ளும். துவைத்துப் போட்ட துணி கொடியிலேயே பூசணம் பூக்கும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் காலில் அட்டை ஏறவில்லை என்றால் அன்றைக்கு அதிர்ஷ்டம்தான்.

அந்த வருஷத்து ஆடி ஜெபிஷாவுக்கு இன்னும் மோசமாக வந்து சேர்ந்தது. அவளுடைய தோழி ரேணுகா ஊரைவிட்டுப் போகப் போகிறாள்.

தேயிலை எஸ்டேட்டில் முன்பு போல வேலை இல்லை. காலையில் போனால் பாதி நாள், "இன்னைக்கு வேலை இல்லை, போய்ட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்து அடுப்பில் எதைப் போடுவது? அதனால் ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்கியது. ரேணுகாவின் அப்பா பாலகுமாருக்கும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. மாதக் கடைசியில் கிளம்புவதாக முடிவாயிற்று.

ஜெபிஷாவும் ரேணுகாவும் ஆறாம் வகுப்பு. அடுத்தடுத்த வீடு. ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே எடை. மற்ற தோழிகளுக்கு உயரமும் எடையும் ஒரு பொருட்டே இல்லை. இவர்கள் இருவருக்கும் அதுதான் முக்கியம். ஏனென்றால் இவர்கள் ஜூடோ ஜோடி. ஜூடோவில் ஒருத்தி தூக்கிப் போட வேண்டும், இன்னொருத்தி விழ வேண்டும். உங்களைவிட ரொம்பக் கனமான ஆளைத் தூக்க முடியாது, ரொம்பச் சின்ன ஆளைத் தூக்கிப் போட்டால் அவர்கள் அம்மா சண்டைக்கு வருவார்.

ஜூடோ வகுப்பு நடப்பது பிள்ளைக் காம்பராவில். கொழுந்து எடுக்கப் போகும் அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறைக்கு எஸ்டேட்டில் அப்படித்தான் பெயர். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது ஜெஸிந்தா அக்கா. கோயம்புத்தூரில் காலேஜ் படித்தபோது ஜூடோ கற்றுக்கொண்டவர். சாயங்காலம் கடைசிக் குழந்தையையும் அதன் அம்மா தூக்கிக்கொண்டு போனதும், தொட்டில்களை எல்லாம் மேலே சுருட்டிக் கட்டிவிட்டு மெத்தைகளை இழுத்துப் போடுவார். ஃபேக்டரியில் கழித்துப் போட்ட சாக்குகளுக்குள் தேங்காய் நாரை அடைத்து அவரே தைத்த மெத்தைகள் அவை. விழும்போதெல்லாம் தேயிலைத் தூசி மூக்கில் ஏறும். தும்மாமல் விழப் பழகவே ஜெபிஷாவுக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

முதல் வருஷம் முழுவதும் அக்கா விழுவதற்குத்தான் சொல்லிக் கொடுத்தார். பின்னால் விழுவது, பக்கவாட்டில் விழுவது, உருண்டு விழுவது. கையை ஊன்றாமல், தலை தரையில் படாமல், மெத்தையைப் படாரென்று அடித்துக்கொண்டு விழ வேண்டும். லைனில் இருந்த பையன்கள் இதற்கு 'விழுற கிளாஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விழுவதற்கு எதற்குக் கிளாஸ், இந்த மழையில் வெளியே வந்தால் சும்மாவே விழலாமே என்று அவர்களில் ஒருவனான ரிஜோ கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது.

இரண்டாம் வருஷம் ஒரே ஒரு வீச்சு. எதிராளியின் கையை இழுத்து, சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, அவரைத் தோள்மேல் வாங்கி முன்னால் போட வேண்டும். அதற்கு ஜப்பான்காரர்கள் வைத்த பெயர் வாயில் நுழையாததால் இவர்கள் அதை 'மூட்டை' என்றார்கள். அம்மாக்கள் கொழுந்து மூட்டையைத் தோளில் வாங்குவதும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். மூட்டையை நாள்தோறும் போட்டார்கள். மூட்டையைத் தவிர வேறு எதையும் போடவில்லை. ஒரு நாள் கால் சரியாக வந்தால் இடுப்பு சரியாக வராது. இடுப்பு சரியாக வந்தால் கை பிசகிவிடும். சலித்துக்கொண்டே வந்தார்கள், ஆனால் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை.

ரேணுகா போவது முடிவான அன்று சாயங்காலம், அவள் பிள்ளைக் காம்பராவின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒரு படம் ஒட்டியிருந்தது. ஜூடோவில் இருக்கிற எல்லா வீச்சுகளும் கட்டம் கட்டமாக அதில் இருந்தன. அக்கா காலேஜிலிருந்து கொண்டுவந்தது. ஈரத்தில் ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது.

"அக்கா, நான் போறதுக்குள்ள இது எல்லாத்தையும் சொல்லிக் குடுங்க," என்றாள் ரேணுகா.

எல்லாமா என்று அக்கா சிரித்தார். ரேணுகா சிரிக்கவில்லை.

"அங்க போனா எனக்கு யாரு சொல்லித் தருவா? ஒவ்வொண்ணையும் ஒரு தடவையாவது பண்ணிட்டுப் போறேன்க்கா."

சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. ஜெஸிந்தா அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. போகிற பிள்ளை ஆசைப்படுகிறது, இல்லை என்று எப்படிச் சொல்வது? சரி, நாளுக்கு ஒன்று பார்க்கலாம் என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் நல்ல மனசோடு சொல்கிற எல்லாமே நல்லதாக முடிகிறதா என்ன?

அன்றிலிருந்து மூட்டை நின்றுபோயிற்று. ஒரு நாள் காலைத் தட்டும் வீச்சு, மறுநாள் இடுப்பில் ஏற்றும் வீச்சு, அதற்கடுத்த நாள் வேறொன்று. நேற்றுப் பார்த்தது இன்று மறந்துபோகும். மறந்ததை நினைத்துப் பார்க்க நேரம் இல்லை, அடுத்த கட்டம் காத்திருக்கும். ரேணுகாவுக்கு ஒரே உற்சாகம். மூட்டையையே இடது பக்கமாகத் திரும்பிப் போட்டுப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நாள் கேட்டாள்.

ஜெபிஷாவுக்கு எரிச்சலாக வந்தது. "நம்ம பக்கமே இன்னும் ஒழுங்கா வரலை. அதுக்குள்ள அந்தப் பக்கமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உண்மையில் அவளுடைய எரிச்சல் இடது பக்கத்தின் மேலும் இல்லை, சுவரில் இருந்த படத்தின் மேலும் இல்லை. இருக்கப் போவதே கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாளில் பழைய மாதிரியே மூட்டை போட்டுக்கொண்டு, தும்மிக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ரேணுகாவோ ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தாள். இதை எப்படிச் சொல்வது என்று ஜெபிஷாவுக்குத் தெரியவில்லை. அதனால் உம்மென்று இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை வந்தது.

படத்தில் ஒரு வீச்சு இருந்தது. எதிராளியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தானே பின்னால் மல்லாந்து விழுந்து, அவர் வயிற்றில் பாதத்தை வைத்துத் தலைக்கு மேலே பறக்கவிடுவது. பார்க்க அட்டகாசமாக இருக்கும். அன்றைக்கு அக்கா அதில் பாதத்தை எங்கே வைப்பது என்பதை மட்டும் காட்டினார். வீசக் கூடாது, வைத்துவைத்துப் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அப்போது வாசலில் ஓர் அம்மா, தன் குழந்தையின் பால் பாட்டிலை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்து நின்றார். அக்கா பாட்டிலைத் தேடப் போனார்.

"ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?" என்று ரேணுகா கிசுகிசுத்தாள்.

வேண்டாம் என்று ஜெபிஷா சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு வாரமாக உம்மென்று இருந்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. போகப் போகிறவளிடம் எதற்கெடுத்தாலும் முகம் சுளிப்பதா என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, போடு," என்றாள்.

ரேணுகா பின்னால் சாய்ந்தாள். ஜெபிஷாவின் கால்கள் தரையைவிட்டுக் கிளம்பின. மூட்டையில் பறக்கும்போது தான் எங்கே போய் விழுவோம் என்று அவளுடைய உடம்புக்கே தெரியும். இதில் ஒன்றும் தெரியவில்லை. கூரை எது, தரை எது என்று புரிவதற்குள் மெத்தையின் ஓரம் வந்துவிட்டது. வருஷம் முழுக்கப் படித்த பாடம் அந்த ஒரு நொடியில் பறந்துபோய், அவள் வலது கையை நீட்டி ஊன்றிவிட்டாள்.

மணிக்கட்டில் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஜெபிஷா போட்ட சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

கூடலூர் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் மழை. அம்மாவின் மடியில் தலையை வைத்திருந்தாள். ஜெஸிந்தா அக்கா அந்தக் கையை அசையாமல் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அந்த வீச்சை நானே சரியாப் பண்ணினது இல்லைங்க," என்று அம்மாவிடம் சொன்னார். "தெரியாததைக் காட்டியிருக்கக் கூடாது. தப்பு என்மேலதாங்க."

அம்மா ஜெபிஷாவின் தலையை மட்டும் தடவிக்கொண்டே இருந்தார்.

எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார். பொறுத்துப் பொறுத்து வைத்திருந்த கோபமெல்லாம் அப்போது வந்தது. அந்த ரேணுகா பிள்ளை ஊருக்குப் போகிற வரைக்கும் அவள் பக்கமே போகக் கூடாது என்றார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். லைன் வீட்டுச் சுவர்தானே, மெதுவாகச் சொன்னாலே கேட்கும்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எப்போதும் பாத்திரம் உருளும், டிவி ஓடும், ரேணுகாவின் தம்பி எதற்காகவாவது அழுவான். அன்றைக்கு அந்த வீடு மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது.

அடுத்து வந்த நாட்கள் ரொம்ப மோசமானவை. மழையால் பள்ளிக்கு லீவு விட்டுவிட்டார்கள். ஜெபிஷா ஜன்னலோரம் உட்கார்ந்து, மூடுபனியில் பாதி மறைந்து நின்ற சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேணுகா குடத்தோடு குழாயடிக்குப் போவதும் வருவதும் தெரிந்தது. ஒரு தடவைகூட அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டே போனாள், வந்தாள். கை வலியைவிட அது அதிகமாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து ஜெஸிந்தா அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. அதற்குள் ரேணுகாவின் ஜூடோ சட்டை இருந்தது. துவைத்து, மடித்து, அதன் மேல் பெல்ட்டைச் சுருட்டி வைத்திருந்தது. பிள்ளைக் காம்பரா ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாளாம். அக்கா கூப்பிட்டுக் கேட்டதற்கு, இனிமேல் ஜூடோவே வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். சுவரில் இருந்த படத்தையும் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டதாக அக்கா சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

அக்கா போன பிறகு ஜெபிஷா அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டையில் துணி நைந்து, நூல் பிரிந்து இருந்தது. மூட்டை போடும்போதெல்லாம் ஜெபிஷாவின் கையை அணைத்து அணைத்து அந்த இடம் மட்டும் நைந்திருந்தது. அவளுடைய சட்டையிலும் அதே இடம்தான் நைந்திருக்கும்.

நாளைக்கு ரேணுகா போய்விடுவாள். இப்படியே போய்விட்டால் அவள் மனசில் கடைசியாக நிற்கப் போவது அந்த 'டக்' சத்தம் மட்டும்தான். அதை நினைத்ததும் ஜெபிஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, ரேணுகா மேல கோவப்படாதீங்க. அவ கேட்டா, நான்தான் சரின்னு சொன்னேன்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அக்கா வீசக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. எனக்கும் தெரியும். வேண்டாம்னு நான் சொல்லியிருந்தா அவ போட்டிருக்க மாட்டா. இப்ப அவ ஜூடோவே வேண்டாம்னு சட்டையைக் குடுத்துட்டா. நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

அம்மா களைந்த தண்ணீரை ஊற்றினார். மறுபடியும் தண்ணீர் பிடித்தார். அரிசி அன்றைக்குத் தேவைக்கு மேலேயே சுத்தமாயிற்று. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு வர்க்கிப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பஸ்ஸுல பசிக்கும். அந்தப் பிள்ளைகளுக்குக் குடு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "கையைப் பத்திரமாப் பாத்துக்க," என்றும் சொன்னார்.

பக்கத்து வீட்டில் மூட்டை முடிச்சு கட்டிக்கொண்டிருந்தார்கள். நிஜ மூட்டைகள். பாத்திரங்கள் ஒரு சாக்கில், துணிகள் ஒரு சாக்கில், கட்டில் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. ரேணுகாவின் தாத்தா பழனியாண்டி ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். சிலோனிலிருந்து கிளம்பும்போதும் இதேபோலத்தான் கட்டினோம், மறுபடியுமா என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.

பாலகுமார் மாமா சாக்குகளின் வாயை ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டிருந்தார். ஜீப்பின் பழைய டயர் டியூப்பைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியால் நீளநீளமாகக் கிழித்தால் கிடைக்கும் பட்டை. ஓவேலிப் பக்கம் ஜீப் கூரையில் எதை ஏற்றினாலும் அதைக்கொண்டுதான் இறுக்குவார்கள். கயிறு நனைந்தால் தளர்ந்துவிடும், டியூப் விடாது.

ரேணுகாவின் தம்பி சாக்கில் கட்டியிருந்த ஒரு பட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். இழுத்தான். பட்டை நீண்டது. பிறகு அவனையே பின்னால் இழுத்து, சாக்கின் மேல் பொத்தென்று உட்காரவைத்தது. அவன் எழுந்து மறுபடியும் இழுத்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

ஜெபிஷா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது.

"மாமா, எனக்கு அந்த டியூப்ல ஒரு பட்டை வேணுங்க. நீளமா."

மாமா அவளுடைய மாவுக்கட்டைப் பார்த்தார், கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், இருந்ததிலேயே நீளமான பட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ரேணுகா உள்ளறையில் இருந்தாள். எல்லாச் சாமான்களும் வெளியே போய்விட்டதால் அறை காலியாக இருந்தது. ஒளிந்துகொள்ள ஓர் இடம்கூட இல்லாததால் மூலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெபிஷா வர்க்கிப் பொட்டலத்தைத் தரையில் வைத்தாள். அதன் பக்கத்தில் மடித்த சட்டையை வைத்தாள்.

"எனக்கு வேண்டாம்," என்றாள் ரேணுகா, திரும்பாமலே. "நான் இனிமே ஜூடோ பண்ண மாட்டேன். உன் கையை ஒடச்சிட்டேன்."

"ஒடச்சிட்டல்ல? அப்புறம் நீ பாட்டுக்கு விட்டுட்டுப் போனா, என் கை சும்மா ஒடஞ்ச மாதிரி ஆயிடும்."

ரேணுகா திரும்பினாள். இப்படி ஒரு கணக்கு அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"அங்க கிளாஸும் இல்ல, நீயும் இல்ல. நான் என்னத்தைப் பண்றது? அதனாலதானே எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துடணும்னு…"

ஜெபிஷாவுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ரேணுகா ஆசையில் ஓடவில்லை. பயத்தில் ஓடியிருக்கிறாள்.

"அந்தப் படத்துல இருந்ததுல இப்ப உனக்கு எது ஞாபகம் இருக்கு?" என்று ஜெபிஷா கேட்டாள்.

ரேணுகா யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். ஒரு வீச்சில் பாதி, இன்னொரு வீச்சில் கால் மட்டும் ஞாபகம் இருந்தது.

"மூட்டை?"

"அது தூக்கத்துல எழுப்பினாக்கூட வரும்," என்றாள் ரேணுகா. சொன்ன பிறகு அவளே கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள்.

ஜெபிஷா பட்டையின் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டப் பார்த்தாள். ஒரு கையால் முடிச்சு விழவில்லை. பல்லால் பிடித்து இழுத்தாள். ரப்பர் நாற்றத்தில் முகம் கோணியது. ரேணுகாவால் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து தானே கட்டினாள்.

"இதைப் புடிச்சிக்க. இது என் கைன்னு நெனச்சிக்க. இப்ப மூட்டை போடு."

ரேணுகா தயங்கினாள். பிறகு பட்டையைப் பிடித்து, இழுத்து, சட்டென்று திரும்பி முதுகைக் கொடுத்தாள். பட்டை விறைத்து அவளைப் பின்னால் இழுத்தது. அவள் காலை ஊன்றி முன்னால் குனிந்தாள். ஜெபிஷா முரண்டு பிடிக்கும்போது எப்படி இருக்குமோ, அதே கனம். இன்னொரு தடவை திரும்பினாள். இன்னொரு தடவை. நாலைந்து தடவை ஆவதற்குள் துருப்பிடித்த ஜன்னல் கம்பி 'கர்ர்'ரென்று முனகிக்கொண்டு வெளியே வரப் பார்த்தது.

"அடியேய், எஸ்டேட் ஜன்னலையும் ஒடச்சிட்டுத்தான் போவியா?" என்றாள் ஜெபிஷா.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ரேணுகா அழுதாள். ஜெபிஷா முடிச்சை அவிழ்த்து, அந்த நுனியைத் தன் இடது கையில் சுற்றிக்கொண்டு சுவரோரம் காலை ஊன்றி நின்றாள். ரேணுகா திரும்பித் திரும்பி இழுத்தாள். ஜெபிஷா இந்தப் பக்கம் பிடித்து நின்றாள். காலியான அறையில் அவர்களுடைய காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே பழனியாண்டித் தாத்தா ஒருவழியாகச் சாக்கைவிட்டு எழுந்தார்.

பிறகு பாலகுமார் மாமாவிடம் போய்ப் பட்டையை நடுவில் வெட்டித் தரச் சொன்னார்கள். ஆளுக்குப் பாதி. ரேணுகா தன் பாதியைச் சட்டைக்குள் வைத்து மடித்து, துணி மூட்டையில் போடாமல் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அவள் அங்கே, இவள் இங்கே, மூட்டை மட்டும். அவ்வளவுதான் பேச்சு.

"உன் கை இப்படி இருக்கே, நீ எப்படிப் போடுவ?" என்று ரேணுகா கேட்டாள்.

"இடது கை இருக்குல்ல? இடது பக்கமா திரும்பிப் பாக்கறேன். யாரோ சொன்னாளே."

ரேணுகா பேனாவை எடுத்து மாவுக்கட்டில் ஒரு மூட்டையின் படத்தை வரைந்தாள். அது பூசணிக்காய் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் அவர்களைக் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் விட ஜீப் வந்தது. கூரையில் சாமான்களை ஏற்றி டியூப் பட்டைகளால் இறுக்கினார்கள். ஜெபிஷாவின் அம்மாவும் வந்து சாக்குத் தூக்க ஒரு கை கொடுத்தார். பாலகுமார் மாமா கதவைப் பூட்டினார். லைனில் இன்னொரு பூட்டுத் தொங்கியது. ஜீப் வளைவில் திரும்புவதற்குள் மூடுபனி அதை விழுங்கிவிட்டது. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அன்று முழுக்க ஜெபிஷாவுக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அந்தப் பூட்டைப் பார்க்க வேண்டாம் என்று பின்வாசல் வழியாகவே போய்வந்தாள்.

சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். ஜெஸிந்தா அக்கா சின்னப் பிள்ளைகளுக்கு விழச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார். வந்து, அதை வராந்தாத் தூணில் இறுக்கமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வலது கையை அசைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

ஜெபிஷா இடது கையில் பட்டையைப் பிடித்தாள். இந்தப் பக்கம் அவளுக்குச் சுத்தமாக வரவில்லை. கால் முந்திக்கொண்டது, இடுப்பு பிந்திக்கொண்டது. புதிதாகச் சேர்ந்தவளைவிட மோசமாகத் திரும்பினாள். உள்ளேயிருந்து ஒரு வாண்டு எட்டிப் பார்த்துச் சிரித்தது. ஆனால் கால் பிசகினால் எங்கே பிசகுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு வருஷமாக வலது பக்கத்தில் பண்ணின அதே தப்புகள்தான், பக்கம் மாறி வந்துகொண்டிருந்தன.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு மேல் ஆகியிருக்கும். அம்மா தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஃபோனைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வராந்தாவில் ஏறினார். ரேணுகாதான், பேசு என்று ஜெபிஷாவின் காதில் வைத்தார்.

திருப்பூரில் மழை இல்லையாம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டியிருக்கிறாளாம். வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லையாம். ரேணுகாவுக்கு மூச்சு வாங்கியது.

"இழுக்குதாடி?" என்று கேட்டாள்.

ஜெபிஷா இடது கையிலிருந்த பட்டையை இறுக்கிப் பிடித்தாள். அது அவளைப் பின்னால் இழுத்தது. அவள் காலை நன்றாக ஊன்றிக்கொண்டாள்.

"இழுக்குது," என்றாள். "நீ போடு."